மருந்து தேறியது, பங்கு தேறவில்லை

பாவூர்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் கேரளத்து லாரிகளுக்குச் சரக்கேற்றி அனுப்பிவிட்டுக் கைபேசியில் பங்கு விலை பார்க்கும் அண்ணாச்சிமார், "அந்தக் கம்பெனி மருந்து ரெண்டாங் கட்டம் போயிட்டாம்லா, வாங்கிப் போடலாமா?" என்று கேட்டுக்கொண்டால், அதில் இன்று ஆச்சரியமில்லை. கட்டம் எதைப் பரீட்சிக்கிறது என்பதை அறியாமல் கேட்பதுதான் விபரீதம்.

முதற்கட்டத்தில் சில பத்துப் பேருக்கு, பெரும்பாலும் ஆரோக்கியமான தன்னார்வலருக்கு, மருந்தைக் கொடுத்து உடம்பு தாங்குகிறதா என்றுதான் பார்க்கிறார்கள். நோய் தீருமா என்று நோயாளிகளிடம் முறையாகச் சோதிக்கத் தொடங்குவது இரண்டாங்கட்டம், நம்பிக்கைகள் மிகுதியாக மடிவதும் அங்கேதான். 2011 முதல் 2020 வரையிலான ஓர் அமெரிக்கக் கணக்கின்படி அதில் நுழைந்த மருந்துகளில் நூற்றுக்குச் சுமார் 29 மாத்திரமே அடுத்த கட்டத்தை எட்டின. இந்தியாவில் 2009 ஜூன் 15 முதல் ஒவ்வொரு பரிசோதனையும் மருத்துவ ஆராய்ச்சிப் பதிவேட்டில் பதியப்பட வேண்டுமாதலால், எதை முதன்மை விளைவாக அளக்கப்போவதாக முன்கூட்டிச் சொன்னார்கள் என்பதை எவரும் இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். பின்னர் கம்பெனி வேறொன்றைக் காட்டி 'உற்சாகமான முடிவு' என்று அறிவித்தால், பணத்தை மடியிலேயே வைத்துக்கொள்வது உத்தமம்.

கட்டங்களனைத்தையும் தாண்டிய மருந்தும் முதலீட்டாளருக்கு லாபம் தருமென்ற நிச்சயமில்லை என்பதற்குச் சென்னையின் ஆர்க்கிட் நிறுவனமே சாட்சி. கிருமிகள் ஆன்டிபயாடிக்கைச் சிதைக்கப் பயன்படுத்தும் நொதியை முடக்கும் என்மெட்டசோபாக்டம் என்ற மூலக்கூறு அங்கே கண்டறியப்பட்டது. 2013 இல் அல்லெக்ரா என்ற ஐரோப்பிய நிறுவனம் அதன் உரிமையைப் பெற்று, சிக்கலான சிறுநீர்த்தொற்று நோயாளிகள் ஆயிரத்துக்கு மேற்பட்டோரிடம் மூன்றாங்கட்டப் பரிசோதனையை நடத்தியது. அதில் ஓர் ஆன்டிபயாடிக்குடன் இம்மூலக்கூறைச் சேர்த்த மருந்து நூற்றுக்கு 79 பேரிடமும், வழக்கிலிருந்த ஆன்டிபயாடிக் 59 பேரிடமும் பலித்ததாக 2022 இல் முடிவு வெளியாயிற்று. 2024 பிப்ரவரியில் அமெரிக்க அனுமதியும் கிடைத்தது.

இதற்கிடையில், கடன் சுமையால் ஆர்க்கிட் 2017 இல் திவால் நடவடிக்கைக்குள் போய், 2020 இல் தானுகா குழுமத்தின் கைக்கு மாறியபோது, பழைய பங்குகள் ஏறக்குறைய முழுவதும் ரத்தாகி அற்பமான ஒரு பின்னமே மிஞ்சியது. ஆகவே, மூலக்கூறு பிறந்த காலத்தில் அதை நம்பிப் பங்கு வைத்திருந்தவருக்கு அந்தப் பின்னத்தளவே உரிமை. இந்திய விற்பனையுரிமையும் அயல்நாட்டு ராயல்டியும் பின்னால் வந்தவர்களின் கணக்கில் சேர்ந்தன.