மலிவுத் தூண்டில், காட்டுச் சேவல் இறகு: வாங்கும் முன்னும் கட்டும் முன்னும்

மூங்கில் கழி, தக்கை, மண்புழு. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பக்கத்து ஏரிகளில் ஜிலேபியும் விராலும் பிடிக்க இவை போதும். இன்று கைபேசியைத் திறந்தால் ராடு, ரீல், நரம்பு, நூறு செயற்கைப் பூச்சிகள் எல்லாம் சேர்த்து ஒரே செட்டாக, நம்ப முடியாத விலையில் வந்து நிற்கின்றன. ‘ஃப்ளை ஃபிஷிங்’ என்று பெயர் போட்டிருப்பார்கள். நீலகிரி அவலாஞ்சியில் ட்ரவுட் மீனுக்கு வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த முறை இது. ஆசைப்படுவதில் தப்பில்லை. காசும் போய், சட்டச் சிக்கலிலும் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதுதான் என் கவலை.

இந்த முறையில் இரைக்கு எடையே கிடையாது. இறகும் நூலும் கட்டிய முள் அது, காற்றில் பஞ்சாய்ப் பறக்கும். வீசுவதற்கான எடை முழுவதும் தடித்த நரம்பில்தான் இருக்கிறது. அதனால் ராடுக்கும் நரம்புக்கும் எண் பொருந்த வேண்டும்: 5ஆம் எண் ராடுக்கு 5ஆம் எண் நரம்பு. பிடிக்கு மேலே ராடில் இந்த எண் அச்சிட்டிருக்கும். எண்ணே இல்லாத கழியையும், சாதாரண மெல்லிய நைலான் சுற்றிய ரீலையும் ‘ஃப்ளை செட்’ என்று அனுப்பினால், அது விளம்பரத்தில் சொன்ன பொருளே அல்ல. முள்ளையும் சோதியுங்கள். முனையைக் கட்டைவிரல் நகத்தின் மேல் லேசாக இழுத்தால் நல்ல முள் நகத்தில் கவ்வி நிற்கும், மட்டமானது வழுக்கிப் போகும். குறடால் லேசாக வளைத்தால் மட்டமான முள் அப்படியே நிமிர்ந்துவிடும், இல்லையேல் பட்டென்று ஒடியும்.

இப்படி ஏமாந்தவர் கையைப் பிசைந்துகொண்டு நிற்கத் தேவையில்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், அதன் கீழ் 2020இல் வந்த மின்வணிக விதிகளும் உங்கள் பக்கம் இருக்கின்றன. பொருள் பழுதாக இருந்தாலோ, போலியாக இருந்தாலோ, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாவிட்டாலோ விற்பவர் திருப்பி எடுக்க மறுக்க முடியாது. ‘நோ ரிட்டர்ன்’ என்று அவர் எழுதி வைத்திருப்பது இங்கே செல்லாது. இணையக் கடையின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் உங்கள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். எந்த நாட்டுப் பொருள், இறக்குமதி செய்தவர் யார் என்பதையும் வாங்கும் முன்பே காட்டியாக வேண்டும்.

நடக்கவில்லையா? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமே இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். ‘இ-ஜாக்ரிதி’ தளத்தில் வீட்டிலிருந்தபடியே பதிவு செய்யலாம். ஆனால் கையில் சான்று வேண்டும். விளம்பரப் பக்கத்தை அன்றே படம்பிடித்து வையுங்கள், நாளைக்கு அதை மாற்றிவிடுவார்கள். பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுங்கள். பில் கட்டாயம். பில் இல்லாமல் சமூக ஊடகத்தில் முகம் தெரியாத ஒருவருக்குப் பணம் அனுப்பிவிட்டு, பொருளே வராமல் போனால் அது மோசடி. உடனே 1930க்குக் கூப்பிடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு உண்டு.

பூச்சியை நாமே கட்டினால் மிச்சமா என்று கேட்கிறார்கள். முதல் சில மாதங்களுக்கு இல்லை என்பதுதான் உண்மை. முள்ளைப் பிடிக்கும் சின்ன வைஸ், நூல், நல்ல முள் எல்லாம் செலவு. முள்ளிலும் நரம்பிலும் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள், மற்றதில் தாராளமாக மிச்சம் பிடிக்கலாம். அதற்குத் தோல் தொழில் நடக்கும் நம் ஊரை விட்டால் வேறு இடம் எது? ஷூ கம்பெனியின் கட்டிங் பகுதியில் விழும் மெல்லிய ஸ்வேட் தோல் துண்டைக் கேட்டு வாங்கி, நூல் போல நறுக்கி முள்ளில் கட்டினால், தண்ணீரில் ஊறியதும் புழு மாதிரியே நெளியும். மேலைநாட்டில் சாமாய்ஸ் தோலில் இதைத்தான் செய்கிறார்கள். ஒரு எச்சரிக்கை: ஃபினிஷ் ஆன தோலை மட்டும் எடுங்கள். தோல் பதனிடும் ஷாப்பிலிருந்து வரும், ஃபினிஷ் ஆகாத வெட் ப்ளூ துண்டும் ஷேவிங் தூளும் குரோமியம் ஏறியவை, தொடவே வேண்டாம். துண்டை ஒரு ராத்திரி தண்ணீரில் போட்டு வையுங்கள். சாயம் இறங்கினால் அந்தத் துண்டு ஏரிக்குப் போகக் கூடாது.

இறகுக்கு நாட்டுச் சேவலின் கழுத்து இறகு போதும். கறிக்கடையில் குப்பைக்குப் போவதுதான். சோப்புப் போட்டு அலசி, நன்றாக உலர்த்தி, பையில் கட்டிச் சில நாள் ஃப்ரீசரில் வைத்தால் பேனும் பூச்சியும் செத்துவிடும். முள்ளின் கண்ணுக்குப் பின்னால் நாலைந்து சுற்றுச் சுற்றி, முடிச்சிட்டு, மேலே ஒரு சொட்டு நகப்பூச்சு வைத்தால் வேலை முடிந்தது.

இங்கேதான் பெரிய ஆபத்து. ஜவ்வாது மலையிலும் ஏலகிரியிலும் கூவுகிற சாம்பல் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்து இறகில் மெழுகு பூசிய நகம் போலப் பளபளக்கும் புள்ளிகள் உண்டு. இந்தியாவுக்கே உரிய இந்தப் பறவையின் இறகை 19ஆம் நூற்றாண்டிலிருந்தே சால்மன் மீனுக்கான பூச்சி கட்ட இங்கிலாந்துக்கு அள்ளிக்கொண்டு போனார்கள். 1960களின் பிற்பகுதியில் இந்தியா ஏற்றுமதியைத் தடை செய்தது. அயல்நாட்டுக்காரர்கள் இன்று அங்கேயே பண்ணையில் வளர்த்த பறவையின் இறகைப் பயன்படுத்துகிறார்கள். இறகு மோகம் எதுவரை போகும் என்பதற்கு ஒரு சம்பவம் போதும். 2009இல் இங்கிலாந்தின் ட்ரிங் அருங்காட்சியகத்துக்குள் ஓர் இளைஞர் புகுந்து 299 பறவைத் தோல்களைத் திருடினார். பூச்சி கட்டும் இறகுக்காகத்தான்!

காட்டுச் சேவலை வேட்டையாடுவதும், அதன் இறகை வாங்குவதும் விற்பதும் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 2022இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். முதல் பட்டியலில் உள்ள உயிரினமானால் சிறை மூன்று ஆண்டில் தொடங்கி ஏழு வரை போகும். ‘மலையிலிருந்து வந்தது, ஒரு கழுத்துதான்’ என்று யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். வனச்சரக அலுவலகத்திலோ, சென்னையில் இருக்கும் வன உயிரினக் குற்றத் தடுப்புப் பிரிவிலோ சொல்லுங்கள். மயில் தானாக உதிர்த்த தோகையை நாட்டுக்குள் வைத்துக்கொள்ள விலக்கு உண்டு. பிடுங்குவதும் வெளிநாட்டுக்கு அனுப்புவதும் குற்றமே.

சட்டத்தோடு உடம்பையும் பார்த்துக்கொள்ள வேண்டும். செட்டோடு வரும் ஈயக் குண்டைப் பல்லால் கடித்து நரம்பில் இறுக்கும் பழக்கத்தை இன்றே விடுங்கள். பழைய பேட்டரி ஈயத்தை வீட்டு அடுப்பில் உருக்கிக் குண்டு வார்ப்பது அதைவிடக் கொடுமை, அந்தப் புகை குழந்தைகளின் மூளையைத்தான் முதலில் தாக்கும். பிரிட்டன் 1987லேயே தூண்டிலுக்கான பெரும்பாலான ஈயக் குண்டுகளின் விற்பனையைத் தடை செய்துவிட்டது. கார்பன் ராடில் மின்சாரம் பாயும். கரைக்கு மேலே மின்கம்பி போனால் அங்கே ராடை ஓங்காதீர்கள், இடி மழையில் மடக்கி வையுங்கள்.

ஏரியில் இறங்கும் முன் மீன் குத்தகை யாரிடம் இருக்கிறது என்று ஊராட்சியிலோ மீன்வளத் துறையிலோ விசாரியுங்கள். குத்தகைதாரர் அனுமதி இல்லாமல் பிடித்தால் பிரச்சினை உங்களுக்குத்தான். தோல் கழிவு கலக்கும் ஏரியானால் பிடித்த மீனைச் சமைக்காதீர்கள். மாசுபடுத்தியவரே ஈடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 28 ஆகஸ்ட் 1996இல் தீர்ப்புச் சொன்னது நம் பாலாற்று வழக்கில்தான். நுரையும் நாற்றமும் கண்டால் தேதி, இடம், படத்தோடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். பதில் வராவிட்டால் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வுக்குப் போக அந்த ஒப்புகைதான் முதல் ஆவணம்.