வெயிலைச் சேமித்து தெருவுக்கு விளக்கு



ரமலான் நெருங்கும்போதெல்லாம் நமது மஹல்லாவில் ஒரு பேச்சு எழும். பள்ளிவாசல் தெருவுக்குச் சீரியல் விளக்கு போடுவதா, வேண்டாமா? பிள்ளைகளுக்கு அது ஒரு சந்தோஷம் என்பார்கள் சிலர். வீண்விரயம் என்பார்கள் சிலர். சென்ற ஆண்டு இந்தப் பேச்சு வேறு விதமாக முடிந்தது. தராவீஹ் முடித்துத் திரும்பிய நமது மூதாட்டி ஒருவர், தெருத் திருப்பத்தில் உடைந்து கிடந்த வடிகால் மூடி தெரியாமல் கால் இடறி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்து மூன்று மாதம் படுக்கையில் இருந்தார். அங்கிருந்து முப்பது அடி தள்ளித்தான் நாம் கட்டிய சீரியல் விளக்குகள் சிவப்பும் பச்சையுமாக மின்னிக்கொண்டிருந்தன. அழகுக்குச் செலவழித்தோம், வெளிச்சம் தேவைப்பட்ட இடத்தை மறந்துவிட்டோம். இது நமது தவறு.

அதனால்தான் நிர்வாகக் குழுவில் சூரிய ஒளியில் எரியும் அலங்கார விளக்குகளைப் பற்றிப் பேசினோம். வழிக்கு வெளிச்சம் தர வேண்டும், பார்க்கவும் அழகாக இருக்க வேண்டும், மின்கம்பத்தில் கொக்கி போட்டு இழுக்கும் கம்பி கூடாது. அப்படி இழுப்பது திருட்டு என்பது ஒருபுறம். மழை நாளில் அது உயிரை வாங்கும் என்பது இன்னொரு புறம்.

இது புதுமையான யோசனை அல்ல. நம் பிள்ளைகள் பலர் வேலைக்குப் போயிருக்கும் சிங்கப்பூரில், மரீனா விரிகுடா ஓரத் தோட்டத்தில் 'சூப்பர் ட்ரீ' என்ற 18 செயற்கை மரங்கள் நிற்கின்றன. 2012-இல் திறக்கப்பட்ட அந்தத் தோட்டத்தில் அவற்றின் உயரம் 25 முதல் 50 மீட்டர் வரை. அவற்றில் சில மரங்களின் உச்சியில் சூரியத் தகடுகள் உண்டு. பகலில் சேரும் மின்சாரம் இரவில் விளக்குகளுக்குப் பயன்படுகிறது. மாலையில் நடக்கும் ஒளிக்காட்சியைக் காசு கொடுக்காமலே பார்க்கலாம். அதே விரிகுடாவில் 2010 முதல், மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவிடும் ஒளிக்கலைத் திருவிழாவும் நடத்தப்படுகிறது.

அது அரசாங்கத்தின் பணம், நமக்குக் கட்டுபடியாகாது என்று நீங்கள் சொல்வது காதில் விழுகிறது. சிறியதும் உண்டு. ஓலாஃபுர் எலியாசன் என்ற ஒளிக்கலைஞர் ஒரு பொறியாளருடன் சேர்ந்து, 'லிட்டில் சன்' என்ற உள்ளங்கை அளவு சூரிய விளக்கை 2012-இல் வெளியிட்டார். பூப்போன்ற மஞ்சள் வடிவம். மின்சாரம் எட்டாத ஆப்பிரிக்கக் கிராமங்களில் பிள்ளைகள் படிக்க உதவுவதும் அதுதான், லண்டன் அருங்காட்சியகத்தில் கலைப்பொருளாக வைக்கப்பட்டதும் அதுதான். ஒரே பொருள் பயனும் தரும், அழகும் தரும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

மஸ்ஜிதில் முதன்முதலில் விளக்கேற்றியவர் தமீமுத் தாரி (ரலி) என்று இப்னு மாஜாவில் ஓர் அறிவிப்பு உண்டு. ஷாம் தேசத்துப் பக்கமிருந்து வந்த நபித்தோழர் அவர். தொழ வருபவருக்கு இருட்டு இடைஞ்சலாகக் கூடாது என்பது அன்றே இருந்த கவலை.

இனி கணக்குக்கு வருவோம். 9 வாட் எல்.இ.டி. விளக்கு மாலை ஆறரை முதல் நள்ளிரவு வரை முழு ஒளியிலும், பிறகு காலை ஆறு வரை பாதி ஒளியிலும் எரிந்தால், இரவுக்குச் சுமார் 77 வாட்-மணி செலவாகும். நமது ஊரில் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஐந்து மணி நேர முழு வெயில் கணக்கு. 40 வாட் பேனல் இழப்புகள் போக 130 வாட்-மணி தரும். மிச்சம் பேட்டரியில் சேரும். 12.8 வோல்ட், 18 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி இருந்தால், வடகிழக்குப் பருவமழையில் சூரியனே தெரியாத இரண்டு இரவுகளைக் கடத்திவிடலாம். ரமலானில் ஸஹர் நேரத்துக்கு மட்டும் முழு ஒளி வரும்படி கட்டுப்பாட்டுப் பெட்டியில் நேரத்தை மாற்றிக்கொள்ள முடியும்.

பேனலைத் தெற்கு நோக்கி, சற்றே சாய்வாக வைக்க வேண்டும். நிழல் விழக்கூடாது. ஒரு வேப்பங்கிளை பேனலின் ஒரு மூலையை மறைத்தாலும் மொத்த மின்சாரமும் வெகுவாகக் குறையும். பழைய சீரியல் பல்பில் ஒன்று போனால் வரிசையே அணையுமே, அதே கதைதான். உள்ளே சில்லுகள் வரிசையாகக் கோக்கப்பட்டிருக்கின்றன. வெள்ளை வெளிச்சத்தைவிட இளமஞ்சள் நல்லது. ஈசலும் பூச்சியும் குறைவாக வரும், எதிர்வீட்டுக்காரர் தூக்கமும் கெடாது.

அழகு எங்கே என்கிறீர்களா? விளக்கின் மேலுறையில். நமது மாவட்டத்தின் மரச்சிற்பக் கலைக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தத் தச்சர்கள் தேரும் கதவும் செய்பவர்கள்; சட்டம் போட்டுப் பின்னிய நட்சத்திர வடிவமும் அவர்கள் கைக்கு வரும். உருவங்கள் இல்லாத அந்தப் பின்னலை உறையில் வெட்டினால் அதன் நிழல் தரையிலும் சுவரிலும் கோலம்போல் விழும். மரம் மழைக்குத் தாங்காது என்பதால், வடிவத்தை மட்டும் அவர்களிடம் வரைந்து வாங்கி, துருப்பிடிக்காத தகட்டில் வெட்டுவதே சரி என்று முடிவு செய்திருக்கிறோம். கூலியை முழுமையாகக் கொடுத்துத்தான் வரைவு வாங்குவோம். நன்கொடை என்று சொல்லிக் கலைஞர்களிடம் இலவசமாகக் கேட்கும் பழக்கம் நமக்கு வேண்டாம்.

எங்களுக்கு உண்மையான பயம் பராமரிப்பில்தான். மார்கழியில் கம்பளி கொடுக்கக் கல்வராயன் மலைக்குப் போனபோது, ஒரு சிற்றூரில் சூரியத் தெருவிளக்கு ஒன்று அணைந்து நின்றது. பேனல் பளபளவென்று இருந்தது. பெட்டியைத் திறந்து காட்டினார்கள், பேட்டரி செத்துக் கிடந்தது. விளக்கு நட்டவர்கள் திரும்பி வரவே இல்லையாம். பேனல் இருபது, இருபத்தைந்து ஆண்டு உழைக்கும். பழைய ஈயப் பேட்டரி மூன்று நான்கு ஆண்டில் போய்விடும். லித்தியம் எட்டு ஆண்டு வரை தாங்கலாம். பேட்டரி மாற்றப் பணம் ஒதுக்காமல் விளக்கு நடுவது, கிணறு வெட்டிவிட்டுக் கயிறு வாங்காமல் விடுவது போன்றது. ஆகவே வசூலாகும் தொகையில் நான்கில் ஒரு பங்கைத் தனிக் கணக்கில் போட்டுவைப்போம், இன்ஷா அல்லாஹ்.

ஊரைச் சுற்றி அரிசி ஆலைகள். உமிச்சாம்பல் பறந்து வந்து எல்லாவற்றின் மேலும் படியும். மொட்டைமாடியில் துணி காயப்போடும் பெண்களைக் கேட்டால் தெரியும். பேனலை மாதம் இருமுறை, வெயிலேறும் முன் ஈரத்துணியால் துடைத்தாக வேண்டும்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஜகாத் தொகையை இதற்குத் தொட மாட்டோம். அதைப் பெறும் எட்டு வகையினர் யார் என்பது குர்ஆனிலேயே வரையறுக்கப்பட்டது. தெருவிளக்கு அதில் சேராது என்பதே பெரும்பாலான அறிஞர்களின் நிலை. ஸதகாவாகத் தருபவர்கள் தரலாம். மறைந்த பெற்றோருக்காக ஸதகத்துல் ஜாரியாவாகவும் தரலாம். ஆனால் விளக்கில் பெயர்ப்பலகை வைக்கமாட்டோம்.

முதலில் ஏழு விளக்குகள். முதலாவது, மூதாட்டி விழுந்த அந்தத் திருப்பத்தில். நகராட்சிக் கம்பங்களைத் தொடாமல் வீட்டுச் சுற்றுச்சுவர்களிலேயே பொருத்துவதால், சுவர் தர இசைபவர்களின் எழுத்துச் சம்மதம் வேண்டும். அத்தெருவில் இரண்டு மாற்று மத வீடுகள் இருக்கின்றன. அவர்களிடமும் போய்க் கேட்டோம், ஒருவர் தமது சுவரைத் தர உடனே சம்மதித்தார். வடிகால் மூடிக்கு மனு கொடுத்திருக்கிறோம். பேனல் துடைக்க வீட்டுக்கு ஒரு இளைஞர் வீதம் ஏழு பெயர்கள் வேண்டும். இதுவரை நான்கு வந்துள்ளன. மீதி மூன்று பேர் ஜும்ஆ முடிந்து அலுவலகத்தில் பெயர் தரவும்.