ஒழுங்கையும் நடையும்: கொக்குவிலை முன்வைத்துச் சில குறிப்புகள்

சோனகத் தெருவில் வாப்பாவின் காணி விடயமாக யாழ்ப்பாணம் போனபோது, கொக்குவிலில் ஒரு வீட்டின் பின்னறையை வாடகைக்கு எடுத்துச் சில மாதங்கள் இருந்தேன். வந்த அன்றே வீட்டுக்கார அன்ரியிடம் கடை எங்கே என்று கேட்டேன். "உதிலதான் தம்பி. முந்தியெண்டா பின்வேலிப் பொட்டால போனா ரெண்டு நிமிசம். இப்ப மதில் கட்டிப்போட்டினம், சுத்தித்தான் போகவேணும்" என்றார். சுற்றி நடந்து பார்த்தேன். பன்னிரண்டு நிமிடம். அன்ரிக்கு முழங்கால் வருத்தம். ஆகவே ஒரு இறாத்தல் பாண் வாங்கவும் பக்கத்து வீட்டுப் பெடியனின் மோட்டார் சைக்கிள் புறப்பட வேண்டியிருக்கிறது.

நகரத் திட்டமிடல் என்ற பெரிய சொல்லுக்குள் அடங்கியிருக்கிற முழுப் பிரச்சினையும் அந்தப் பொட்டுக்குள் இருப்பதாக எனக்குப் பட்டது. கடை தூரத்தில் இல்லை, வழிதான் தூரமாகிவிட்டது. திட்டமிடுவோர் இந்த வேறுபாட்டைத்தான் முதலில் கணக்கெடுக்கிறார்கள். பறவை பறக்கும் தூரம் ஒன்று, மனிதன் நடக்கும் தூரம் வேறொன்று. இரண்டுக்கும் இடையிலான விகிதம் கூடக்கூட மக்கள் நடப்பதை விட்டுவிடுகிறார்கள்.

நடந்து வாழக்கூடிய அயல் என்ற கருத்தை அளவுகளோடு எழுதிவைத்தவர் அமெரிக்கரான கிளாரன்ஸ் பெரி. 1929இல் நியூயோர்க் பிராந்தியத் திட்டத்துக்காக அவர் தீட்டிய வரைபில் ஆரம்பப் பாடசாலை நடுவில் இருக்கும். அதிலிருந்து கால் மைல், அதாவது சுமார் 400 மீற்றர், ஐந்து நிமிட நடை. பெரிய வீதிகள் அயலின் ஓரத்தால் போகும். பிள்ளை அவற்றைக் கடக்காமலே பள்ளிக்கூடம் போய்விடும். மொத்தப் பரப்பளவு 160 ஏக்கர். எங்கள் கணக்கில் ஏக்கருக்குப் பதினாறு பரப்பு என்று வைத்தால் 2,560 பரப்பு. பிற்காலத்தில் இந்த வரைபைப் பலர் குறை கூறினார்கள். ஒரே இனத்தாரையும் ஒரே வருமானக்காரரையும் ஓரிடத்தில் அடைத்து வேலி போடுவதற்கு இது வசதியாகிப் போனது என்பது அவற்றில் கனமான குறை. சொர்போன் பேராசிரியர் கார்லோஸ் மொரேனோ 2016இல் முன்வைத்து, 2020 பாரிஸ் மாநகரத் தேர்தலில் பிரபலமான 'பதினைந்து நிமிட நகரம்' என்பதும் அடிப்படையில் இதே கணக்குத்தான். வேலை, பாடசாலை, கடை, வைத்தியம் எல்லாம் கால் மணி நேர நடைக்குள்ளோ சைக்கிள் தூரத்துக்குள்ளோ இருக்கவேண்டும் என்பது.

இதை வாசித்துவிட்டுக் கொக்குவிலைப் பார்த்தால் சிரிப்பு வரும். பாரிஸ் தேடிக்கொண்டிருப்பது இங்கே ஏற்கனவே கிடக்கிறது. யாழ் நகர மையத்திலிருந்து ஏறத்தாழ மூன்று கிலோமீற்றர். காங்கேசன்துறை வீதியும் வடக்குப் புகையிரதப் பாதையும் ஊரூடாகப் போகின்றன. 1990இல் நின்றுபோன ரயில், 2015 ஜனவரியில் காங்கேசன்துறை வரை மீண்டும் ஓடத் தொடங்கியதும் கொக்குவில் நிலையத்துக்கும் உயிர் வந்தது. 1910இல் தொடங்கிய இந்துக் கல்லூரி, நல்லூர் பிரதேச சபை, ஆடியபாதம் வீதியில் பல்கலைக்கழக மருத்துவ பீடம் எல்லாம் ஊருக்குள்ளேயே இருக்கின்றன. பக்கத்துத் திருநெல்வேலியில் சந்தையும் பல்கலைக்கழகத்தின் பெரும்பகுதியும். ஐரோப்பாவில் ஒரு கம்பனி புதிதாகக் கட்டி விற்றால் இந்த அமைவுக்கே தனி விலை வைக்கும்.

இந்த அமைவை யாரும் மேசையில் உட்கார்ந்து வரையவில்லை. சீதனம்தான் வரைந்தது. வீதியோரத்துப் பெரிய வளவு மகள்மாருக்குப் பிரிபடும்போது பின்துண்டுக்குப் போக ஒரு வழி விடவேண்டும், அது ஒழுங்கையாகிறது. அந்தத் துண்டு அடுத்த தலைமுறையில் மறுபடி பிரிய, ஒழுங்கையிலிருந்து ஒரு குச்சொழுங்கை கிளைக்கிறது. முடக்குகளும் முட்டுச்சந்துகளும் உண்டான கதை இதுதான். காணி உறுதிகளில் வருகிற 'வழிவாய்க்கால் உரித்து' என்ற சொற்றொடர்தான் எங்கள் ஊர்களின் உண்மையான நகரத் திட்டச் சட்டம். சோனகத் தெருவிலும் சீதன வீடு என்று இதே வழக்கம் இருந்ததால், அங்கத்தைய ஒழுங்கைகளும் இப்படித்தான் பிறந்தன.

முட்டுச்சந்துக் குச்சொழுங்கைக்கு ஃபிக்ஹு நூல்களிலும் ஓர் இடம் உண்டு. இருபக்கமும் திறந்த வழி பொதுச்சொத்து. முட்டி நிற்கும் ஒழுங்கையோ அதற்குள் வாசல் வைத்திருப்போரின் கூட்டுச்சொத்து. அவர்களுடைய சம்மதமில்லாமல் அதற்குள் புதிய வாசல் திறப்பது பற்றிச் சட்ட அறிஞர்கள் விரிவாக விவாதித்திருக்கிறார்கள். பாதையின் அகலம் பற்றிப் பிணக்கு வந்தால் ஏழு முழம் விடவேண்டும் என்ற நபிவழித் தீர்ப்பு பலருக்குத் தெரிந்ததே. ஹிஜ்ரி 17இல் கூஃபா நகரை அமைத்தபோது பெருவீதிக்கு 40 முழம், அடுத்ததற்கு 30, பிறகு 20, ஒழுங்கைக்கு 7 என்று அளந்ததாகத் தபரி பதிவு செய்கிறார். ஏழு முழம் என்பது மூன்றரை மீற்றர் அளவு. சுமையேற்றிய இரண்டு ஒட்டகங்கள் ஒன்றையொன்று தாண்டப் போதும். கொக்குவிலில் நான் அடியால் அளந்த ஒழுங்கைகள் பல இதைச் சுற்றித்தான் வந்தன. மாட்டுவண்டிக்கும் ஒட்டகத்துக்கும் அவ்வளவு பெரிய வித்தியாசம் இல்லைப் போலும்.

அகலத்தை விட முக்கியமானது நிழல். யாழ்ப்பாணத்து வெயிலில் 400 மீற்றர் என்பது பாரிஸின் 400 மீற்றர் அல்ல. பழைய ஆட்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. தலைச்சுமையை இன்னொருவர் கைகொடுக்காமலே இறக்கி வைக்கத் தோளுயரத்தில் சுமைதாங்கி, மாடு முதுகு தேய்க்க ஆவுரஞ்சிக் கல், தண்ணீருக்குக் கேணி, இருக்க மடம் என்று வழிநெடுகச் செய்து வைத்தார்கள். பருத்தித்துறையில் தெருமூடி மடம் இன்றும் நிற்கிறது. வீதியே அதன் கூரைக்குக் கீழால் போகிறது, இருபுறமும் திண்ணை. வீடுகளில் சங்கடப்படலை இருந்தது. படலைக்கு மேல் சிறு கூரை, கீழே இருக்கை, உரியவர் யாரென்று தெரியாத வழிப்போக்கனும் உட்காரலாம். கிளுவை வேலியும் பூவரசும் நடப்பவன் தலைக்கு நிழல் தந்தன. வேலி வழியே ஆளைத் தெரிந்ததால் மாலையில் தனியே வரும் பெண்பிள்ளைக்கும் ஒரு துணை இருந்தது.

மதில் இந்த மூன்றையும் ஒருசேர எடுத்துவிட்டது: நிழலை, பார்வையை, பொட்டை. போர்க்காலத்துப் பயமும் வெளிநாட்டுக் காசும் களவும் மதிலை உயர்த்தியதில் நியாயம் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் ஆறடி மதில் இரண்டுக்கு நடுவே, பகல் பன்னிரண்டு மணிக்கு, கொங்கிறீற் போட்ட ஒழுங்கையில் நடந்து பார்த்தவருக்கு அது அடுப்புக்குள் நடப்பது போலத்தான் இருக்கும்.

இப்போது எல்லா ஊர்க் கூட்டங்களிலும் கேட்கிற கோரிக்கை ஒழுங்கையை அகட்டித் தாருங்கள் என்பது. அம்புலன்ஸ் வரவேண்டும், லொறி திரும்பவேண்டும். நியாயமான தேவைகள்தான். ஆனால் பன்னிரண்டு அடியை இருபதாக்கினால் என்ன நடக்கிறது? இருபுறமும் நாலடி போகும். வேலியோரத்து வேம்பு முதலில் விழும். நேரான, அகன்ற, காப்பெற் போட்ட பாதையில் மோட்டார் சைக்கிள் தானாகவே வேகம் பிடிக்கும். மணிக்கு 30 கிலோமீற்றரில் மோதுண்ட பாதசாரிகளில் பெரும்பாலானோர் பிழைக்கிறார்கள். 50ஐத் தாண்டும்போது அந்த வாய்ப்பு வேகமாகச் சரிகிறது. அகட்டிய பிறகு 'மெதுவாகச் செல்க' என்று பலகை நட்டுப் பலனில்லை. ஓட்டுபவன் பலகையை வாசிப்பதில்லை, பாதையை வாசிக்கிறான்.

என் அபிப்பிராயம், அகட்டுவதை விட இணைப்பது நல்லது. இரண்டு முட்டுச்சந்துகளுக்கு நடுவே நிற்கிற ஒரு மதிலில் நாலடி வழி திறந்தால் ஒரு லொறியும் உள்ளே வராது, ஆனால் ஐம்பது வீட்டுக்குக் கடை பக்கமாகிவிடும். பார்சிலோனாவில் 2016 முதல் பரீட்சிக்கப்படும் 'பெருங்கட்டம்' என்ற முறையின் சாரமும் இதுவே: சுமார் 400 மீற்றர் சதுரத்துக்குள் வாகனம் ஊடறுத்து ஓடமுடியாது, நடப்பவரும் சைக்கிள்காரரும் எந்தப் பக்கமும் போகலாம். எங்கள் ஒழுங்கைகளில் முதல் பாதி தானாகவே இருக்கிறது. இரண்டாம் பாதிதான் குறை.

எல்லாவற்றையும் பிரதிபண்ணவும் முடியாது. நடக்கக்கூடிய நகரம் பற்றி எழுதுவோர் எல்லோரும் வீடுகளை நெருக்கிக் கட்டச் சொல்கிறார்கள். குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கும் மழைநீர்தான் கிணற்றுநீர். கழிவுக் குழியும் கிணறும் அதே கல்லுக்குள். நகர அபிவிருத்தி அதிகாரசபையின் பொதுவான குறைந்தபட்சத் துண்டு ஆறு பேர்ச்சஸ், அதாவது முக்கால் பரப்புக்கும் குறைவு. அதில் வீடும் கிணறும் குழியும் அடங்கினால் பக்கத்து வீட்டார் எதைக் குடிப்பது என்று முதலில் கேட்கவேண்டியிருக்கிறது.

இது எங்களுக்கு வெறும் கொக்குவில் விவகாரம் அல்ல. 1990 ஒக்டோபர் 30இல் சில மணி நேர அவகாசத்தில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற்றப்பட்டவர்களின் காணிகள் இன்று பேரப்பிள்ளைகள் வரை பங்கு பிரிந்து கிடக்கின்றன. திரும்பிக் கட்டுகிறவர் செய்கிற முதல் வேலை எல்லைமதில். நானும் அதே எண்ணத்தோடுதான் போனேன். ஒழுங்கை எங்கே போனது, எந்த வாசல் எந்தப் பக்கம் இருந்தது என்று சொல்லக்கூடிய வயதுபோனவர்கள் புத்தளத்தில் இருக்கிறார்கள், ஆண்டுக்காண்டு குறைந்துகொண்டும் வருகிறார்கள். வரைபடம் அவர்களுடைய தலையில் இருக்கிறது. நில அளவையாளர் முளை அடிக்கமுதல் அவர்களைக் கூட்டிக்கொண்டுவந்து நடக்கவைக்கவேண்டும்.

புறப்படுகிற கிழமை அன்ரியின் பழைய உறுதியை எடுத்துப் பார்த்தோம். பூச்சி அரித்த தாள். மூன்றாம் பக்கத்தில் பின்வளவால் 'வழிவாய்க்கால் உரித்து' தெளிவாக எழுதியிருந்தது. மதில் கட்டிய வீட்டார் கனடாவில். அவர்களுடைய தமையனிடம் போய்க் காட்டினோம். வழக்கு என்று சொன்னால் சண்டையாகிவிடும் என்று அன்ரி முன்கூட்டியே எனக்குச் சொல்லியிருந்தார். ஆகவே ஒரு சின்னப் படலைதான் கேட்டோம், திறப்பு அவர்களிடமே இருக்கட்டும் என்றும் சொன்னோம். "அண்ணையிட்ட போன்ல கேட்டுச் சொல்லுறன்" என்றார் அவர். பிறகு மதிலடிக்கு வந்து, முன்பு பொட்டு இருந்த இடம் எது என்று அவரே கையால் காட்டினார்.