ஊராட்சியும் குடிமக்கள் குரலும்

அரசாட்சி என்றதும் பலர் உள்ளத்தில் தோன்றுவது தொலைவிலுள்ள தலைநகரே. ஆயினும் சாக்கடை, தெருவிளக்கு, அங்காடி, குப்பை ஆகியன பற்றிய முடிவுகளே குடிமக்களின் அன்றாட வாழ்வை முதலில் தொடுகின்றன. அம்முடிவுகளை எடுப்போரை அமர்த்துபவர் யார் என்னும் வினாவிற்குப் பினாங்கின் வரலாறு மாறி மாறி விடை கூறியுள்ளது.

ஜார்ஜ் டவுனில் வரி செலுத்துவோர், நகராண்மை உறுப்பினர் சிலரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை 1857-இலேயே பெற்றனர். 1913-இல் அவ்வுரிமை நீக்கப்பட்டது. 1951 டிசம்பர் 1-ஆம் நாள் நடந்த தேர்தலில், 15 இடங்களுள் 9 இடங்கள் வாக்காளர் கைக்கு வந்தன. 1956-இல் மன்றம் முழுவதும் தேர்ந்தெடுக்கப்பட்டோருக்கே உரியதாயிற்று. 1957 சனவரி 1-ஆம் நாள் நகரம் மாநகராயிற்று, டி. எஸ். இராமநாதன் அதன் முதல் மேயரானார்.

இந்தோனேசியாவுடன் ஏற்பட்ட பூசலைக் காட்டி, 1965-இல் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. அவ்வாண்டே ஆதி நாகப்பன் தலைமையில் அரச ஆணையம் ஒன்று அமைந்தது. மன்றங்களின் குறைகளை அது மறைக்கவில்லை. எனினும், குறைகளைக் காட்டிலும் மக்கள் சார்பாண்மையின் நன்மையே பெரிதெனக் கண்டு, தேர்தல் தொடர வேண்டுமென 1968-இல் பரிந்துரைத்தது. அரசாங்கம் அதனை ஏற்கவில்லை. 1976-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் தேர்தலுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. அதுமுதல் உறுப்பினரை மாநில அரசே நியமித்து வருகிறது. தேர்தலை மீட்கப் பினாங்கு 2012-இல் சட்டம் இயற்றியது. ஆனால் மாநிலத்திற்கு அவ்வதிகாரம் இல்லையெனக் கூட்டரசு நீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்தது.

வாக்குரிமை இல்லாதவிடத்தும் வேறு வாயில்கள் சில உள்ளன. நகர அமைப்புத் திட்டங்களின் வரைவை மக்கள் பார்வைக்கு வைத்து, மறுப்புரைகளைக் கேட்க வேண்டுமென்பது சட்டம். 2012-இல் பினாங்கின் அடுக்ககக் குடியிருப்புகள் சிலவற்றில் மற்றொரு முயற்சியும் தொடங்கியது. ஆடவர், மகளிர், முதியோர், இளைஞர் ஆகியோரின் தேவைகளைத் தனித்தனியே கேட்டு, எதற்கு முதலில் பணம் ஒதுக்குவதென அவர்களையே முடிவு செய்யச் செய்தனர். பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரம் 1989-இல் தொடங்கிவைத்த வழி இதற்கு உறவுடையது.

இவ்வாயில்கள் பயனுடையன, எனினும் வாக்குரிமைக்கு ஈடாகா. கருத்துக் கேட்போர் அதனை ஏற்கலாம், தள்ளவும் செய்யலாம். வாக்குப் பெற்று அமர்ந்தவரோ, தள்ளியதற்குக் காரணம் சொல்ல மீண்டும் அதே வாயிற்படிக்கு வந்தாக வேண்டும். ஆதி நாகப்பன் ஆணையம் காக்க விரும்பியது இக்கடப்பாட்டையே எனலாம்.