இல்லத்தில் ஒரு மயில்கழுத்து வண்ணம்

ஜெய்ப்பூர் கோவிந்த தேவர் திருக்கோயிலில் நாளொன்றுக்கு ஏழு முறை திரை விலகுகிறது. ஒவ்வொரு முறையும் கண்ணன் அன்பர்களுக்குக் காட்சி தருகிறான். 1727-இல் அந்நகரை நிறுவிய இரண்டாம் சவாய் ஜெய்சிங் மன்னரின் அரண்மனை வளாகத்திலேயே கோயில் கொண்ட பெருமான் அவன். தரிசனம் முடித்துக் கடைவீதிக்கு வரும் யாத்திரிகர்களின் கண்ணை ஒரு வண்ணம் நிறுத்திவிடும். பூச்சாடி, விளக்குமாடத்தில் பதிக்கும் ஓடு, கதவுக் குமிழ் என எதை எடுத்தாலும், நீலமும் பச்சையும் கலந்து குளிர்ந்த அதே நிறம். வடநாட்டார் இதனை ‘பிரோசா’ என்கின்றனர். நம் நெசவாளர் பட்டில் இதற்கு இட்ட பெயர் மயில்கழுத்து.

பிரோசா என்பது பாரசீகத்தில் ஒரு மணிக்கல்லின் பெயர். அக்கல்லுக்கு நிறம் தருவது அதனுள் இருக்கும் செம்பு. பூஜைச் செம்பைப் புளியிட்டுத் துலக்காமல் விட்டால் நீலப்பச்சையாய்க் களிம்பு ஏறுவதை இல்லத்தரசிகள் அறிவர். அந்தச் செம்பே ஜெய்ப்பூர்ப் பாண்டங்களுக்கும் வண்ணம் தருகிறது.

குயவர் சக்கரத்தில் இடும் வழக்கமான களிமண் இப்பாண்டங்களில் இல்லை. வெள்ளைப் படிகக்கல்லின் பொடியே பெரும்பங்கு. அதனுடன் கண்ணாடித் தூள், வெண்காரம், கோந்து, சிறிதளவு முல்தானி மிட்டி ஆகியவற்றைச் சேர்த்துப் பிசைகின்றனர். அந்த மாவைச் சப்பாத்திபோல் தட்டி, அச்சில் படியவைத்து, வடிவம் குலையாதிருக்க உள்ளே சாம்பலை நிரப்புகின்றனர். உலர்ந்தபின் தேய்த்து மெருகேற்றி, வெள்ளைப் பூச்சு கொடுத்து, மெல்லிய தூரிகையால் பூவும் கொடியும் பறவையும் தீட்டுகின்றனர். கருநீலத்துக்குக் கோபால்ட், மயில்கழுத்து நிறத்துக்குச் செம்பு ஆக்சைடு.

தீட்டும்போது அந்தச் செம்புக் குழம்பில் நீலமும் இல்லை, பச்சையும் இல்லை. கருமை படர்ந்து களையின்றித் தோன்றும். மேலே மெருகுப் பூச்சிட்டு, விறகுச் சூளையில் சுமார் 800 டிகிரி வெப்பத்தில் வெந்து, சூளை மெல்ல ஆறிய பிறகே உண்மை நிறம் வெளிப்படும். ஒரே முறைதான் சுடுவர். கீறல் விட்டால் அந்தப் பாண்டத்தை மீட்க வழியில்லை. ஆகவே சூளை ஆறும்வரை கைவினைஞர் பொறுமையோடு காத்திருக்கின்றனர்.

பாரசீகத்திலும் நடு ஆசியாவிலும் செழித்த இக்கலை டில்லி வழியாக ஜெய்ப்பூரை அடைந்தது. அதுபற்றி அங்கே ஒரு கதை வழங்குகிறது. 19-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் சவாய் ராம்சிங் மன்னர் பட்டம் விடும் போட்டியைக் கண்டுகொண்டிருந்தாராம். குயவர் குலத்துச் சகோதரர் இருவர் அரசரின் பட்டங்களையே அறுத்து வீழ்த்தினர். தாங்கள் செய்யும் பாண்டங்களுக்கான கண்ணாடித் தூளையே நூலில் பூசியிருந்தனர் என்று தெரியவர, மன்னர் சினம் கொள்ளாது அவர்கள் திறத்தை வியந்து ஆதரித்தாராம். அவர் காலத்தில் அக்கலை ஜெய்ப்பூரில் வேரூன்றியது வரலாறு. ராம்பாக் அரண்மனையின் நீரூற்றுகளில் பதித்த ஓடுகள் அதற்குச் சான்று.

ஆயினும் நூறாண்டு ஆவதற்குள் அது அழியும் நிலைக்கு வந்தது. அரச ஆதரவு குன்றியது ஒரு காரணம். மற்றொன்று, கலவையின் அளவையும் சூளையின் பக்குவத்தையும் குடும்ப இரகசியமாகக் காத்தது. முதியவர் மறைந்தபோது அவருடன் அவர் அறிந்ததும் மறைந்தது. 1950-களில் அதைச் செய்யத் தெரிந்தோர் அரிதாயினர்.

அவ்வேளையில் கமலாதேவி சட்டோபாத்யாயவும் ஜெய்ப்பூர் அரசி காயத்ரி தேவியும் அதனை மீட்க முனைந்தனர். அவர்களது ஊக்கத்தால் அப்பணியை ஏற்றவர் ஓவியர் கிருபால் சிங் செகாவத். சாந்திநிகேதனில் பயின்ற அவர், மறந்துபோன முறைகளைத் தேடிக் கற்றார். கற்றதைத் தம்மோடு வைத்துக்கொள்ளவில்லை. பயிற்சிப் பள்ளியிலும் தம் இல்லத்திலும், கேட்டு வந்தோர்க்குக் கற்பித்தார். 1974-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர் 2008-இல் மறைந்தார். அவருடன் அக்கலை மறையவில்லை. இன்று ஜெய்ப்பூரிலும் சுற்றுச் சிற்றூர்களிலும் அந்தச் சூளைகள் எரிகின்றன.

இந்த வண்ணத்தை இல்லத்தில் ஏற்க விரும்புவோர் சுவர் முழுதும் பூச வேண்டியதில்லை. பூஜை மாடத்தின் பின்சுவரில் நான்கு ஓடுகள் போதும். அகல் ஒளியில் சுவாமி படமும் சந்தனப் பொட்டும் அதன்முன் எடுப்பாய் விளங்கும். கூடத்தில் ஒரு சாடி, அதில் செவ்வந்தி அல்லது சாமந்தி. மஞ்சளுக்கும் மயில்கழுத்துக்கும் உள்ள பொருத்தம் பட்டுப்புடவை அறிந்ததே. துடைக்க ஈரத்துணி போதும். நார் கொண்டு தேய்த்தல் கூடாது. ஒன்றை மட்டும் மறவாதிருத்தல் நலம். பழைய முறை மெருகுப் பூச்சில் ஈயம் சேர்வதுண்டு. எனவே அலங்காரத்துக்கென விற்கும் பாத்திரத்தில் நைவேத்தியமோ உணவோ தீர்த்தமோ வைத்தலாகாது. மலருக்கு மட்டுமே அது உரியது.

அந்த ஓட்டைக் காட்டிப் பேரக்குழந்தை, “இது எப்படி வந்தது?” என்று கேட்கும் நாள் வரும். கதையைச் சொல்லும்போதே பெரியோர்க்குத் தம்மிடம் இருப்பவையும் நினைவுக்கு வரலாம். மார்கழிக் கோலத்தின் புள்ளிக் கணக்கு, குலதெய்வப் பொங்கலின் பக்குவம், தந்தை கற்பித்த பாராயண முறை ஆகிய இவை பல இல்லங்களில் ஒருவர் நெஞ்சில் மட்டுமே இருக்கின்றன. மறைக்க வேண்டுமென்று எவரும் எண்ணுவதில்லை. கேட்பார் இல்லையென்று சொல்லாமல் விடுகின்றனர். கேட்கும்வரை காத்திராமல், அடுத்த வெள்ளிக்கிழமை பேத்தியை அருகே அமர்த்தி முதல் புள்ளியை வைக்கச் சொல்லலாம்.