புல்வெளியின் மூச்சு

மரத்தைப் போற்றும் நாம் புல்லைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் புல்வெளியும் மூச்சு விடுகிறது. நீரையும் வெப்பத்தையும் காற்றோடு கொடுத்து வாங்குகிறது. நம் நீலகிரி மலையுச்சிப் புல்வெளிகளைக் கொண்டே இதனை அறிந்துகொள்வோம்.

முதலாவது கரி. பகலில் புல் கரியமில வாயுவை உட்கொண்டு உணவு தயாரிக்கிறது. இரவில் புல்லும் மண்ணிலுள்ள நுண்ணுயிர்களும் அவ்வாயுவில் ஒரு பகுதியை வெளிவிடுகின்றன. மரம் கரியை அடிமரத்திலும் கிளைகளிலும் சேர்க்கிறது; புல்லோ பெரும்பகுதியை வேரிலும் மண்ணிலும் சேர்க்கிறது. ஆகவே மேலே தீப்பட்டாலும் கீழேயுள்ள சேமிப்பு பெரும்பாலும் அழிவதில்லை. மழை பெய்ததும் புல் மீண்டும் துளிர்க்கிறது.

அடுத்து நீரும் வெப்பமும். ஒரு கிராம் நீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் தேவை. ஈரப் புல்வெளி இவ்வாறு வெப்பத்தைச் செலவிட்டுத் தரையைக் குளிர்விக்கிறது. கோடையில் புல் காய்ந்தால் ஆவியாதல் குறைந்து, கதிரவனின் வெப்பம் நேரே காற்றைச் சூடாக்குகிறது. பனிக்காலத் தெளிந்த இரவுகளிலோ தரையின் வெப்பம் வானோக்கிச் சென்றுவிட, உறைபனி படிகிறது. திறந்த வெளியில் முளைக்கும் சோலைமரக் கன்றுகள் அதில் கருகிவிடும். புல் தாங்கி நிற்கும்.

இதை உணராத ஆங்கிலேயர், 19ஆம் நூற்றாண்டில் இவற்றை வீண் நிலமென எண்ணி, தைலமரத்தையும் சீகை மரத்தையும் நட்டனர். விடுதலைக்குப் பின்னும் அப்பணி தொடர்ந்தது. ஆழ வேரோடும் அம்மரங்கள் புல்லைவிட மிகுதியாக நீரை உறிஞ்சி ஆவியாக்குகின்றன. நீலகிரியில் கிளன்மார்கன் என்னுமிடத்தில், 1972இல் புல்வெளியில் தைலமரம் நட்டு அறிவியலார் ஓடைநீரை அளந்தனர். முதல் பத்தாண்டுகளில் நீர்வரத்து சுமார் 16 சதவீதம் குறைந்தது. பவானி, மோயாறு போன்ற ஆறுகளுக்கு நீர் தருவது இம்மலையே. உச்சியில் குறையும் நீர், சமவெளியில் உழவரின் வயலுக்கும் நம் வீட்டுக் குடத்துக்கும் குறையும் நீரன்றோ!

புல்வெளி போனால் வரையாட்டுக்கும் மேய்ச்சல் இல்லை. 2022இல் தமிழக அரசு அறிவித்த நீலகிரி வரையாடு திட்டத்தில் புல்வெளிகளை மீட்பதும் ஒரு பணியாகும்.

மரம் நடுவது நற்செயலே. ஆயினும் நடுமுன், அந்நிலத்தில் இயற்கை எதை வளர்த்திருக்கிறது என்று பார்ப்போம். புல்லாயின், அதனையும் காப்போம்.