எட்டு செமஸ்டரா... பன்னிரண்டு வருஷமா?

சேதராப்பட்டு தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் விடுற நேரத்துல டீக்கடைப் பக்கம் போயிருக்கீங்களா? பன் துண்டுக்காக வாலை ஆட்டிக்கிட்டு ரெண்டு மூணு குட்டிகள் காலைச் சுத்தி வரும். வயிறு நிறைஞ்சதும் நிக்கிற லாரிக்கு அடியில போய்த் தூங்கும். அதைப் பார்த்ததும், 'ஐயோ பாவம், வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிடலாமா?'னு மனசு துள்ளுதா? நல்ல மனசு பாஸ், சல்யூட்! ஆனா ஒரு சின்னக் கணக்கு போட்டுட்டு அப்புறம் தூக்குங்க.

நம்ம இன்ஜினீயரிங் படிப்பு நாலு வருஷம், எட்டு செமஸ்டர். ஒரு நாய் நல்லா வளர்ந்தா பத்துல இருந்து பதினஞ்சு வருஷம் வாழும். நீங்க கேம்பஸ்ல செலக்ட் ஆகி பெங்களூருக்கு பஸ் ஏறும்போது, அதுக்கு இன்னும் பாதி ஆயுசுகூட முடிஞ்சிருக்காது. 'நீ வேலைக்குப் போயிட்டா யாருடா பார்க்குறது?'னு அம்மா கேட்பாங்களே, அந்தக் கேள்விக்குப் பதில் ரெடியா இருக்கணும். வாடகை வீடுன்னா ஹவுஸ் ஓனர்கிட்டயும் முதல்லயே பேசிடுங்க.

இதுல சட்டமும் இருக்கு. தெருநாய் வழக்குல 2025 ஆகஸ்ட் 22-ல் உச்ச நீதிமன்றம் தந்த உத்தரவு, தெருநாயைத் தத்தெடுக்க உள்ளாட்சி அமைப்புகிட்ட விண்ணப்பிக்கலாம்னு சொல்லுது. கூடவே, தத்தெடுத்த நாய் மறுபடி தெருவுக்கு வராமப் பார்த்துக்கிறது எடுத்தவங்க பொறுப்புன்னும் சொல்லுது. அதே வருஷம் நவம்பர் 7-ல், கல்வி நிறுவன வளாகங்கள்ல இருக்கிற தெருநாய்களைக் காப்பகத்துக்கு மாத்தணும், அதே இடத்துல திரும்ப விடக்கூடாதுன்னு இன்னொரு உத்தரவு. ஸோ, 'ஹாஸ்டல்ல எல்லாரும் சேர்ந்து வளர்ப்போம், அடுத்த பேட்ச் பார்த்துக்கும்'ங்கிற பழைய ஐடியா இனி செல்லாது.

முதல் மூணு மாசம்தான் செம டைட்!

குட்டி தனியா நின்னா அநாதைன்னு முடிவு கட்டாதீங்க. அம்மா நாய் இரை தேடிப் போயிருக்கலாம். கொஞ்ச நேரம் தள்ளி நின்னு கவனிங்க. எட்டு வாரம் வரைக்கும் தாய்கூட இருக்கிறதுதான் குட்டிக்கு நல்லது.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை கால்நடை டாக்டர். குடற்புழு மருந்து, பார்வோ, டிஸ்டெம்பர் தடுப்பூசி, மூணு வார இடைவெளியில பூஸ்டர், மூணாவது மாசம் வெறிநோய் ஊசி... டாக்டர் தர்ற அட்டையில இருக்கிற தேதியைத் தவறவிடாதீங்க. பேப்பர்ல அரியர் வெச்சா அடுத்த செமஸ்டர்ல கிளியர் பண்ணிடலாம். பார்வோ வந்தா சில நாள்லயே குட்டி போயிடும். புதுச்சேரி குரும்பாபேட்ல கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கு, மறந்துடாதீங்க.

குட்டி விளையாட்டா கடிச்சாலும், பல் பட்டு ரத்தம் வந்தா அலட்சியம் வேண்டாம். சோப்பு போட்டு, ஓடுற தண்ணியில 15 நிமிஷம் கழுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க. வெறிநோய் அறிகுறி வந்துட்டா காப்பாத்துறது கிட்டத்தட்ட முடியாத காரியம்.

சாப்பாடு? தயிர்சாதம், வேகவெச்ச முட்டை, எலும்பு எடுத்த சிக்கன் ஓ.கே. சாக்லேட், வெங்காயம், திராட்சை... நோ! வேகவெச்ச எலும்பு தொண்டையிலயோ குடல்லயோ குத்திடும். ஆறு மாசம் ஆனதும் கருத்தடை பத்தி டாக்டர்கிட்ட பேசுங்க.

'நம்மளால முடியாதுப்பா'ன்னு தோணுதா?

அதுல வெட்கமே இல்லை. நாலு ஃப்ரெண்ட்ஸ் சேர்ந்து அந்தத் தெரு நாய்க்குத் தடுப்பூசி, கருத்தடைக்கு ஏற்பாடு பண்ணலாம். பக்கத்துல ஆரோவில்லில் விலங்குகள் பராமரிப்பு மையம் இருக்கு. லீவு நாள்ல போய் உதவ முடியுமான்னு கேட்டுப் பாருங்க. நம்பகமான ஒரு குடும்பத்தைத் தேடிப் பிடிச்சுக் குட்டியை ஒப்படைக்கிறதும் பெரிய உதவிதான்.

எடுக்கிறவங்க, 'ஜாதி நாய் இல்லையே'ன்னு கவலைப்படாதீங்க. நம்ம வெயிலும் மழையும் நாட்டு நாய்க்குப் புதுசு இல்லை. 2005-ல் நம்ம ராஜபாளையம் நாய்க்கு அஞ்சல் துறை ஸ்டாம்ப்பே வெளியிட்டிருக்கு!

இந்த ஞாயித்துக்கிழமை வீட்டுல எல்லாரையும் உட்கார வெச்சுப் பேசுங்க. காலையில யார் சோறு வைப்பாங்க, ராத்திரி யார் நடக்கக் கூட்டிட்டுப் போவாங்க, நீங்க வெளியூர் போனா யார் பொறுப்பு? மூணுக்கும் பேர் கிடைச்சா, திங்கட்கிழமை ஒரு பழைய துணியும் அட்டைப்பெட்டியும் எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க!